பழைய டிஸ்க்க வெளிய குடுக்கறதுக்கு முன்னாடி அதுல இருக்கறத நிஜமாவே அழிக்கறது எப்படி

கொஞ்ச நாள் முன்னாடி பேக்கப் வச்சுக்கலாம்னு செகண்ட் ஹேண்ட்ல ஒரு 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். குடுத்தவர் "எல்லாம் ஃபார்மட் அடிச்சு கிளீனா இருக்கு சார், அப்படியே போட்டுக்கலாம்"னு சொன்னார், அவர் பொய் சொல்லல, நிஜமாவே அப்படித்தான் நினைச்சிருந்தார். வீட்ல செருகிப் பார்த்தா காலி டிஸ்க்தான் காட்டுச்சு. எனக்கு ஒரு பழக்கம், எந்த பழைய டிஸ்க் வந்தாலும் மொதல்ல ஃபோட்டோரெக் ஓட்டிப் பார்ப்பேன். டெலிட் பண்ணின ஃபைல தோண்டி எடுக்கற, ஓசில கிடைக்கற மென்பொருள்தான், யார் வேணா இறக்கலாம், பெரிய படிப்பெல்லாம் தேவையில்ல. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஓட விட்டேன், தூங்கப் போறப்ப பாக்கறேன், ஆயிரக்கணக்குல ஃபைல் வந்து கொட்டியிருக்கு. ஃபைலோட பேர் எல்லாம் போயிடும், எஃப்னு ஆரம்பிச்சு வெறும் நம்பரா இருக்கும், ஆனா தொறந்தா உள்ள இருக்கறது முழுசா இருக்கு. மொத படம் ஒரு ஆதார் கார்டு, ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணினது. அடுத்தது பாஸ்புக்கோட மொத பக்கம். அதுக்கடுத்து ஒரு வளைகாப்பு போட்டோ, அந்தப் பொண்ணு கை நெறைய வளையலோட சிரிச்சிட்டு உக்காந்திருக்கு. அதோட நிறுத்திட்டேன். முன்ன பின்ன தெரியாத ஒரு குடும்பத்தோட பீரோவ தொறந்து பார்த்த மாதிரி இருந்துச்சு, மனசு ரொம்ப கஷ்டமா போச்சு.

அந்த டிஸ்க் என்கிட்ட வராம வேற யார்கிட்டயாவது போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. இன்னைக்கு ஒரு ஆதார், ஒரு பான், ஒரு கையெழுத்து ஸ்கேன் இருந்தா அத வச்சு லோன் எடுக்க முயற்சி பண்றதுக்கும், சிம் வாங்கறதுக்கும் ஆள் இருக்காங்க. அதனால இத கொஞ்சம் விலாவாரியாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல டெலிட்னா என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். பத்திர ஆபீஸ் கணக்குல ஒரு வீட்டோட பேர அடிச்சிட்டா வீடு இடிஞ்சிடுமா? வீடு அப்படியேதான் நிக்கும், இந்த மனை காலின்னு கணக்கு மட்டும் சொல்லும். டெலிட்டும் அதுதான். ஃபைல் எங்க இருக்குன்ற குறிப்பு மட்டும் போகுது, ஃபைல் அதே எடத்துல இருக்கு, அந்த எடத்துல வேற ஏதாவது எழுதற வரைக்கும். ரீசைக்கிள் பின்ன காலி பண்ணாலும் சரி ஷிஃப்ட் டெலிட் அடிச்சாலும் சரி இதே கததான். குயிக் ஃபார்மட் அடிச்சா கணக்கு நோட்டையே மாத்தி புது நோட்டு போடறீங்க அவ்வளவுதான், ஊர்ல எந்த வீடும் இடியல. விண்டோஸ்ல அந்த "குயிக் ஃபார்மட்" டிக்க எடுத்துட்டு ஃபுல் ஃபார்மட் அடிச்சா விஸ்டாவுலருந்து டிஸ்க் முழுக்க சைபர் எழுதும், அது பரவால்ல. ஆனா எக்ஸ்பி காலத்துல ஃபுல் ஃபார்மட்டே பேட் செக்டார், அதாவது கெட்டுப்போன எடம், இருக்கான்னு பார்த்துட்டு போயிடும், எதையும் எழுதாது. அந்தக் காலத்து டிஸ்க் உங்க பரண்ல இருந்தா அத ஃபார்மட் அடிச்சதா கணக்குலயே எடுத்துக்காதீங்க.

இது நம்ம ஊர் பிரச்சனை மட்டும் இல்ல. அமெரிக்காவுல எம்ஐடில இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட்னு ரெண்டு பேர் 158 பழைய ஹார்ட் டிஸ்க்க வாங்கி ஆராய்ச்சி பண்ணி 2003ல வெளியிட்டாங்க. அதுல 129 வேலை செஞ்சுது, ஒழுங்கா அழிச்சு குடுத்திருந்தது வெறும் 12. கிரெடிட் கார்டு நம்பர் மட்டும் 5000க்கு மேல கிடைச்சுது. ஒரு டிஸ்க் ஏடிஎம் மெஷின்லருந்து வந்த மாதிரி இருந்துதாம். 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, நான் வாங்கின டிஸ்க்ல பார்த்ததும் அதேதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

கைல இருக்கறது என்ன டிஸ்க்குன்னு பாருங்க

இதத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. நெட்ல தேடினா எல்லாரும் ஒரே மருந்த எல்லா வியாதிக்கும் சொல்றாங்க. சுத்தற ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு வழி, சுத்தற தட்டே இல்லாம சிப்புல எழுதற எஸ்எஸ்டிக்கு வேற வழி, பென் டிரைவுக்கு வேற, போனுக்கு வேற. விண்டோஸ் 10, 11ல டாஸ்க் மேனேஜர் தொறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனீங்கன்னா டிஸ்க் பேருக்கு கீழயே ஹெச்டிடியா எஸ்எஸ்டியான்னு போட்டிருக்கும். பழைய விண்டோஸ்னா டிஸ்க் மாடல் நம்பர நெட்ல தேடுங்க. லேப்டாப்ல ரெண்டும் சேர்ந்து இருக்கலாம், சின்ன எஸ்எஸ்டில விண்டோஸ், பெரிய ஹார்ட் டிஸ்க்ல போட்டோ எல்லாம், ஒண்ண அழிச்சிட்டு இன்னொண்ண மறந்துடாதீங்க.

அழிக்கறதுக்கு முன்னாடி பேக்கப். இத எல்லாரும் சொல்வாங்க, நான் சொல்றது பேக்கப் எடுத்தது தொறக்குதான்னு இன்னொரு கம்ப்யூட்டர்ல பாருங்கன்னு. டாலி வச்சிருக்கறவங்க டேட்டா ஃபோல்டர எடுத்து இன்னொரு மெஷின்ல கம்பெனி லோட் ஆகுதான்னு பார்த்துட்டுதான் அடுத்த வேலை. பிரவுசர்ல சேவ் பண்ணி வச்ச பாஸ்வேர்ட், டெஸ்க்டாப்ல போட்டு வச்ச டிஜிட்டல் சிக்னேச்சர் ஃபைல், பழைய அவுட்லுக்கோட மெயில் இருக்கற பிஎஸ்டி ஃபைல், இதெல்லாம் மை டாக்குமென்ட்ஸ்ல இருக்காது, அதனாலயே விட்டுப்போகும். நாம அழிக்கப் போற விதத்துல அழிச்சா உலகத்துல எந்த ரெக்கவரி கடைக்காரராலயும் திருப்பி எடுக்க முடியாது, அதுக்காகத்தான் பண்றோம், அதனால இந்த ஒரு எடத்துல மட்டும் அவசரப்படாதீங்க.

சுத்தற ஹார்ட் டிஸ்க்

இதுதான் இருக்கறதுலயே ஈசி. டிஸ்க் முழுக்க ஒரு தடவ சைபர் எழுதினா போதும்.

டிஸ்க்க கழட்டி இன்னொரு கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்கீங்கன்னு வச்சுக்குவோம். போன்ல சொந்தக்காரங்களுக்கு சொல்ற மாதிரியே சொல்றேன். ஸ்டார்ட் மெனுல கமாண்ட் ப்ராம்ப்ட்னு தேடி அது மேல ரைட் கிளிக் பண்ணி அட்மினிஸ்ட்ரேட்டரா தொறங்க. டிஸ்க்பார்ட்னு டைப் பண்ணி என்டர். அப்புறம் லிஸ்ட் டிஸ்க். டிஸ்க் 0, டிஸ்க் 1ன்னு வரிசையா வரும், சைஸ் பக்கத்துல இருக்கும். இப்ப செலக்ட் டிஸ்க்னு போட்டு நம்பர் குடுங்க. குடுத்த உடனே அழிக்கப் போயிடாதீங்க, டீடெய்ல் டிஸ்க்னு ஒண்ணு டைப் பண்ணுங்க, டிஸ்க்கோட மாடல் பேர் வரும், கைல இருக்கற டிஸ்க் ஸ்டிக்கர்ல இருக்கற பேரும் அதுவும் ஒண்ணான்னு பாருங்க. ஒரே சைஸ்ல ரெண்டு டிஸ்க் மாட்டி வச்சு தப்பான நம்பர் குடுத்து பேக்கப் டிஸ்க்கையே அழிச்சவங்கள எனக்குத் தெரியும், அதனால அழிக்க வேண்டியத தவிர மத்த டிஸ்க் எல்லாத்தையும் கழட்டிட்டு உக்காருங்க. பேர் சரியா இருந்தா கிளீன் ஆல்னு அடிங்க. வெறும் கிளீன்னு அடிச்சா பார்ட்டிஷன் கணக்க மட்டும் தொடச்சிட்டு ரெண்டு செகண்ட்ல முடிஞ்சிடும், டேட்டா அப்படியே இருக்கும், அந்த "ஆல்"லதான் விஷயமே இருக்கு.

கிளீன் ஆல் அடிச்ச உடனே ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். பர்சன்டேஜ் வராது, கர்சர் மட்டும் நிக்கும். ஹேங் ஆயிடுச்சுன்னு நினைச்சு பாதில க்ளோஸ் பண்றவங்க நெறைய பேர். டிஸ்க் லைட் எரிஞ்சுட்டே இருக்கான்னு பாருங்க, எரிஞ்சா ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம். 1 டிபி டிஸ்க்க கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற சாட்டா இணைப்புல நேரா மாட்டியிருந்தா ரெண்டு ரெண்டரை மணி நேரம், கொஞ்சம் பழசுன்னா மூணு நாலு. பழைய யூஎஸ்பி 2 கேபிள்ல மாட்டினா எட்டு மணி நேரத்துக்கு மேல போகும், ராத்திரி போட்டுட்டு தூங்கிடுங்க. லேப்டாப் ஸ்லீப்புக்கு போகாம செட்டிங்ஸ மாத்தி வச்சுட்டு சார்ஜர் மாட்டி வைங்க.

விண்டோஸ் ஓடிட்டு இருக்கற சி டிரைவ இப்படி அழிக்க முடியாது, தன் காலுக்கு கீழ இருக்கற பலகைய தானே எப்படி உருவும். அதுக்கு விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவ்ல பூட் பண்ணி, அதாவது அதுலருந்தே கம்ப்யூட்டர ஆரம்பிச்சு, மொழி கேக்கற மொத ஸ்கிரீன்லயே ஷிஃப்ட்டும் எஃப்10ம் சேர்த்து அமுக்குங்க, கமாண்ட் ப்ராம்ப்ட் வந்துடும், அங்கருந்து அதே டிஸ்க்பார்ட் கததான். இல்லன்னா டிஸ்க் அழிக்கறதுக்குன்னே ஷ்ரெட்ஓஎஸ்னு ஒரு மென்பொருள் இருக்கு, ரூஃபஸ்ன்ற மென்பொருள வச்சு பென் டிரைவ்ல ஏத்தி பூட் பண்ணா நேரா என்வைப்ன்ற ஸ்கிரீன் வரும். எனக்கு டிஸ்க்பார்ட்ட விட இதுதான் பிடிக்கும், ஏன்னா எவ்வளவு ஆச்சு இன்னும் எவ்வளவு இருக்குன்னு காட்டும், அழிச்சத திருப்பி படிச்சும் பார்க்கும். ஸ்பேஸ் பார் அமுக்கினா டிஸ்க் செலக்ட் ஆகும், எம் அமுக்கி முறைய செலக்ட் பண்ணுங்க, சைபர் நிரப்பற முறையே போதும், வி அமுக்கினா வெரிஃபிகேஷன், கடைசி சுத்து எழுதினத செக் பண்ணச் சொல்லுங்க, அப்புறம் ஷிஃப்ட்டோட எஸ் அமுக்கினா ஆரம்பிச்சிடும். பூட் பண்ண பென் டிரைவையே செலக்ட் பண்ணிடாதீங்க. முன்னாடி எல்லாரும் டிபேன்னு ஒண்ண சொல்லுவாங்க, அது 2015க்கு அப்புறம் புதுசா வரல, புது லேப்டாப்ல பூட் ஆகவே மக்கர் பண்ணுது, விட்டுடுங்க.

எத்தன தடவ எழுதணும்னு ஒரு சண்டை ரொம்ப நாளா ஓடுது. 35 தடவ எழுதணும்னு சில மென்பொருள்ல இன்னும் ஆப்ஷன் இருக்கு. அது பீட்டர் கட்மன்னு ஒருத்தர் 1996ல எழுதின கட்டுரைலருந்து வந்தது. அந்தக் காலத்துல டிஸ்க்ல டேட்டா எழுதற முறை பல விதமா இருந்துச்சு, எந்த முறைன்னு தெரியலன்னா எல்லாத்துக்கும் சேர்த்து இவ்வளவு பண்ணுங்கன்னு அவர் குடுத்த மொத்த பட்டியல்தான் 35. ஒரே டிஸ்க்குக்கு 35ம் தேவையே இல்லன்னு அவரே பின்னாடி எழுதிட்டார். அமெரிக்க பாதுகாப்புத் துறை பேர சொல்லி மூணு தடவ முறைன்னு ஒண்ணு இருக்கும், அதுவும் பழசு. இப்ப உலகம் முழுக்க எடுத்துக்கற வழிகாட்டி அமெரிக்காவோட தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட 800-88, அதோட 2014 பதிப்புலயே இன்னைக்கு இருக்கற காந்த டிஸ்க்குக்கு ஒரு தடவ சைபர் எழுதினாலே ஆய்வுக்கூடத்துல வச்சாலும் திருப்பி எடுக்க முடியாதபடி போயிடும்ன்ற அர்த்தத்துலதான் எழுதியிருக்கு. அதனால 35 தடவ ஓட்டி நாள்கணக்குல கரண்டையும் டிஸ்க்கையும் வீணாக்காதீங்க. ஒரு தடவ ஓட்டுங்க, மிச்ச நேரத்துல அழிஞ்சுதான்னு பாருங்க.

ஒரே ஒரு ஓட்டை இருக்கு. டிஸ்க்ல சில செக்டார் கெட்டுப் போனா டிஸ்க்கே அத ஒதுக்கி வச்சிட்டு வேற எடத்த குடுத்துடும், அந்த ஒதுக்கின எடத்துல நாம எழுதற சைபர் போய் சேராது. டிஸ்க் நல்லா இருக்கான்னு காட்டற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்ற மென்பொருள்ல ரீஅலோகேட்டட் செக்டார்ஸ்னு ஒரு வரி இருக்கும், அது சைபரா இருந்தா கவலை இல்ல. நெறைய இருந்தா அந்த டிஸ்க்க விக்க வேணாம், ஒடைச்சிடுங்க, எப்படியும் சாகப் போற டிஸ்க்தான்.

எஸ்எஸ்டி, இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க

எஸ்எஸ்டில நீங்க ஒரு ஃபைல் மேல திருப்பி எழுதினா அது அதே எடத்துல எழுதாது. உள்ள இருக்கற கன்ட்ரோலர் ஒரே எடம் தேயக்கூடாதுன்னு ஒவ்வொரு தடவையும் வேற வேற எடத்துல எழுதும், பழசு இருந்த எடத்த அப்புறம் சாவகாசமா தொடைக்கும். போதாததுக்கு, நம்ம கண்ணுக்கே காட்டாத கொஞ்சம் எடத்த அது தனியா வச்சிருக்கும், வெளிய 240 ஜிபின்னு போட்டிருக்கற எஸ்எஸ்டில பெரும்பாலும் உள்ள 256 இருக்கும். நீங்க டிஸ்க் முழுக்க சைபர் எழுதினாலும் அந்த மறைவான எடத்துல பழைய டேட்டாவோட துண்டு மிச்சம் இருக்கலாம். அதனால ஹார்ட் டிஸ்க்குக்கு சொன்ன வைத்தியம் இங்க முழுசா வேலை செய்யாது, அதோட எஸ்எஸ்டி ஆயுசும் குறையும். தனி ஃபைல அழிக்கற ஷ்ரெட்டர் மென்பொருள் எல்லாம் எஸ்எஸ்டில நம்பவே நம்பாதீங்க. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியேகோ வளாகத்துல 2011ல இத சிப்ப கழட்டி நேரா படிச்சுப் பார்த்தாங்க, ஒத்த ஃபைல அழிக்கற முறை எதுவுமே முழுசா அழிக்கல.

அப்ப என்னதான் பண்றது? எஸ்எஸ்டிகிட்டயே சொல்லணும், நீயே உன்ன மொத்தமா அழிச்சுக்கோன்னு. அந்தக் கட்டளை எஸ்எஸ்டிக்குள்ளயே இருக்கு. சாட்டா எஸ்எஸ்டில அது பேர் செக்யூர் எரேஸ், மதர்போர்டுல நேரா செருகற வேகமான புது வகையான என்விஎம்இல ஃபார்மட், சானிடைஸ்னு ரெண்டு. கன்ட்ரோலரே எல்லா சிப்பையும், மறைவா வச்சிருக்கற எடத்தையும் சேர்த்து தொடைக்கும், சில நிமிஷத்துல முடிஞ்சிடும், சில எஸ்எஸ்டில சில செகண்ட்தான்.

இத கொடுக்கறதுக்கு இருக்கறதுலயே சுலபமான எடம் பயாஸ், அதாவது ஆன் பண்ணின உடனே விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி போற செட்டிங்ஸ் ஸ்கிரீன். ஆபீஸுக்குன்னு வர்ற லேப்டாப் பலதுல உள்ளயே இருக்கு, டெல்லுல டேட்டா வைப், ஹெச்பில செக்யூர் எரேஸ், லெனோவோ திங்க்பேட்ல செக்யூர் வைப், செக்யூரிட்டி இல்லன்னா மெயின்டனன்ஸ் பக்கத்துல தேடுங்க. இல்லன்னா எஸ்எஸ்டி கம்பெனியோட சொந்த மென்பொருள், சாம்சங்னா மெஜிஷியன், குரூசியல்னா ஸ்டோரேஜ் எக்ஸிகியூட்டிவ், வெஸ்டர்ன் டிஜிட்டல்னா அவங்க டேஷ்போர்டு. லினக்ஸ் பழக்கம் இருக்கறவங்களுக்கு சாட்டாவுக்கு ஹெச்டிபார்ம், என்விஎம்இக்கு என்விஎம்இ சிஎல்ஐ, அதோட மேன் பக்கத்த படிச்சுட்டு பண்ணுங்க. ஹெச்டிபார்ம்ல ஃப்ரோசன்னு காட்டி வேலை செய்ய மாட்டேன்னு சொன்னா பயப்படாதீங்க, பயாஸ் வேணும்னே பூட்டி வச்சிருக்கு, லேப்டாப்ப ஒரு தடவ ஸ்லீப்ல போட்டு எழுப்பினா பெரும்பாலும் பூட்டு விலகிடும்.

ரெண்டு எச்சரிக்கை. சாட்டா செக்யூர் எரேஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டிஸ்க்குக்கு தற்காலிகமா ஒரு பாஸ்வேர்ட் போடுவோம், பாதில கரண்ட் போச்சுன்னா டிஸ்க் அந்த பாஸ்வேர்டோட பூட்டிட்டு நின்னுடும். அந்த பாஸ்வேர்ட ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, டெஸ்க்டாப்னா யூபிஎஸ் இல்லாம ஆரம்பிக்காதீங்க, மழை நாள்ல பண்ணவே பண்ணாதீங்க. இன்னொண்ணு, யூஎஸ்பி டப்பாவுல போட்டு மாட்டின எஸ்எஸ்டிக்கு இந்தக் கட்டளை பல தடவ போய் சேராது, மதர்போர்டுல நேரா மாட்டித்தான் பண்ணணும்.

சரி, பயாஸ்லயும் இல்ல, கம்பெனி மென்பொருளும் இல்ல, பேரே கேள்விப்படாத பிராண்ட் எஸ்எஸ்டின்னா? அப்ப பூட்டு போட்டு சாவிய தூக்கிப் போடற வழி. விண்டோஸ் ப்ரோவுல பிட்லாக்கர், ஹோம் பதிப்புனா வெராகிரிப்ட், டிஸ்க் முழுசையும் என்கிரிப்ட் பண்ணுங்க. பிட்லாக்கர் கேக்கும், உபயோகத்துல இருக்கற எடம் மட்டுமா முழு டிரைவுமான்னு, முழு டிரைவ்தான் செலக்ட் பண்ணணும், இல்லன்னா முன்னாடி டெலிட் பண்ணின ஃபைல் எல்லாம் பூட்டுக்கு வெளியவே கெடக்கும். முடிஞ்சப்புறம் டிஸ்க்பார்ட்ல கிளீன் ஆல் ஒரு தடவ. மறைவான எடத்துல பழைய துண்டு ஒண்ணு ரெண்டு அப்பவும் இருக்கலாம், அதனால வீட்டு லேப்டாப்புக்கு இது போதும், ஆனா அடுத்தவங்க டேட்டா வச்சிருக்கற ஆபீஸ் எஸ்எஸ்டின்னா நான் ஒடைச்சிடுவேன்.

உண்மைல இதுக்கு சரியான நேரம் விக்கற நாள் இல்ல, வாங்கின நாள். மொத நாளே என்கிரிப்ட் பண்ணிட்டு அப்புறம் டேட்டா போட்டா அந்த எஸ்எஸ்டில என்னைக்குமே பூட்டில்லாத துண்டு ஒண்ணுகூட இருக்காது, விக்கறப்ப சாவிய அழிச்சா வேலை முடிஞ்சுது, திருடு போனாலும் நிம்மதியா தூங்கலாம். ரெக்கவரி கீய மட்டும் பேப்பர்ல பிரின்ட் எடுத்து வீட்டுப் பத்திரத்தோட வைங்க. மேக்ல டி2 சிப்போ எம் சிப்போ இருந்தா அதுவே உள்ள என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கும், மேக் ஓஎஸ்ஸோட மான்டரே பதிப்புலருந்து செட்டிங்ஸ்லயே எல்லாத்தையும் அழிக்கற ஆப்ஷன் இருக்கு, அத அமுக்கினா சாவி போயிடும்.

போனும் இதே மாதிரிதான். ஐபோன், அப்புறம் ஆண்ட்ராய்டு 10லயோ அதுக்கு மேலயோ வந்த போன் எல்லாம் உள்ள என்கிரிப்ட் ஆனது, ஃபேக்டரி ரீசெட் அடிச்சா சாவி அழிஞ்சிடும். ரீசெட்டுக்கு முன்னாடி கூகுள் அக்கவுன்ட்டயோ ஐகிளவுடயோ சைன் அவுட் பண்ணிடுங்க, இல்லன்னா வாங்கறவர் போன தொறக்க முடியாம உங்களுக்குத்தான் போன் அடிப்பார். சிம், மெமரி கார்டு ரெண்டையும் கழட்டுங்க. 2015க்கு முன்னாடி வந்த ஆண்ட்ராய்டு போன் பெரும்பாலும் என்கிரிப்ட் ஆகியிருக்காது, செட்டிங்ஸ்ல செக்யூரிட்டில போய் மொதல்ல என்கிரிப்ட் பண்ணிட்டு அப்புறம் ரீசெட் பண்ணுங்க.

பென் டிரைவ், மெமரி கார்டுல செக்யூர் எரேஸ் கட்டளை பெரும்பாலும் கிடையாது, அதனால இங்க கிளீன் ஆல்தான் நம்மால முடிஞ்சது, உள்ள மிச்சம் இருக்கலாம்னு தெரிஞ்சேதான் பண்றோம். முன்னூறு நானூறு ரூபா பென் டிரைவ யாருக்கும் குடுக்காம ஒடைச்சுப் போடறதுதான் என் வழக்கம். ஜெராக்ஸ் கடைக்கு ஆதார பென் டிரைவ்ல கொண்டு போறீங்களே, அந்தக் கடை கம்ப்யூட்டர் டெஸ்க்டாப்ல காப்பி பண்ணித்தான் பிரின்ட் போடுவாங்க, பிரின்ட் வந்ததும் பக்கத்துல நின்னு "அண்ணா அத டெலிட் பண்ணிடுங்க, ரீசைக்கிள் பின்லயும்"னு கேளுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. முடிஞ்ச எடத்துல எல்லாம் கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதார் குடுங்க.

யாருமே நினைச்சுப் பார்க்காத டிஸ்க் ரெண்டு இருக்கு. சிசிடிவி டிவிஆர் பெட்டிக்குள்ள இருக்கறது ஒண்ணு, ஆபீஸ்ல இருக்கற பெரிய ஜெராக்ஸ் மெஷினுக்குள்ள இருக்கறது இன்னொண்ணு. டிவிஆர் மெனுல ஃபார்மட் அடிச்சா குயிக் ஃபார்மட் மாதிரிதான்னு வச்சுக்கோங்க, உங்க வீட்டு வாசல்ல யார் எப்ப வர்றா போறான்னு மாசக்கணக்குல அதுல இருக்கும். கழட்டி ஹார்ட் டிஸ்க்குக்கு சொன்னத பண்ணுங்க. ஜெராக்ஸ் மெஷின வாடகைக்கு எடுத்திருந்தா திருப்பி அனுப்பறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற டிஸ்க்க என்ன பண்ணுவீங்கன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.

டிஸ்க் செத்துப் போச்சு, கம்ப்யூட்டர் எடுக்கவே மாட்டேங்குது

எடுக்கலன்னா அழிஞ்சிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. போர்டு மட்டும் போயிருக்கலாம், உள்ள தட்டு நல்லா இருக்கும். இந்த டிஸ்க்க அப்படியே ஒடைக்கணும். ஹார்ட் டிஸ்க்க தொறக்க நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர் வேணும், ஸ்டிக்கருக்கு அடில ஒரு ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும், அதையும் கழட்டினாத்தான் மூடி வரும். உள்ள கண்ணாடி மாதிரி பளபளன்னு தட்டு இருக்கும். டெஸ்க்டாப் டிஸ்க்ல பெரும்பாலும் அலுமினியம், வளைச்சு மடக்கி ரெண்டு மூணு எடத்துல ஆணி அடிச்சு ஓட்டை போடுங்க. லேப்டாப் டிஸ்க்ல நெறைய நிஜக் கண்ணாடிதான், ஒரு அடி அடிச்சா தூள் தூளா செதறும், அதனால கண்ணுக்கு கண்ணாடி போட்டு, டிஸ்க்க ஒரு பழைய ஜீன்ஸ் துணில நாலு சுத்து சுத்திட்டு சுத்தியலால அடிங்க, பக்கத்துல கொழந்தைங்க வேணாம்.

எஸ்எஸ்டி, பென் டிரைவ்னா உறைய பிரிச்சு உள்ள இருக்கற கருப்பு சிப்பு ஒவ்வொண்ணையும் ஒடைக்கணும், நடுவுல ஒரு ஓட்டை போட்டா ஓரத்து சிப்பு தப்பிச்சிடும். காந்தம் வச்சா எஸ்எஸ்டிக்கு ஒண்ணும் ஆகாது, வீட்டு காந்தம் ஹார்ட் டிஸ்க்கையே ஒண்ணும் பண்ணாது. நெருப்புல போடாதீங்க, அந்தப் புகை நல்லதில்ல. ஒடைச்சத குப்பைல போடாம இ-வேஸ்ட் எடுக்கறவங்ககிட்ட குடுங்க.

அழிஞ்சுதான்னு பார்க்கறது

வளைகாப்பு போட்டோ இருந்த அந்த டிஸ்க்குக்கு வர்றேன். அன்னைக்கு ராத்திரியே ஃபோட்டோரெக் எடுத்த ஃபோல்டர மொதல்ல அழிச்சேன், ஃபோல்டர் இருந்தது என் ஹார்ட் டிஸ்க்ல, அதனால டெலிட் பண்ணிட்டு காலி எடத்தையும் தொடைக்கணும், அதுக்கு விண்டோஸ்லயே சைஃபர் (cipher)னு ஒரு கட்டளை இருக்கு. சைஃபர், ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் டபிள்யூ, கோலன், அப்புறம் டிரைவ் எழுத்து, அதுக்கப்புறம் திரும்ப கோலன். இருக்கற ஃபைல தொடாது, காலி எடத்துல மட்டும் மூணு சுத்து எழுதும். அப்புறம் அந்த டிஸ்க்க என்வைப்ல போட்டேன், சைபர் ஒரு தடவ, வெரிஃபை ஒரு தடவ. எழுத ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல, படிச்சுப் பார்க்க அதே அளவு.

அதோட விடல. ஹெச்எக்ஸ்டின்னு ஒரு ஓசி மென்பொருள் இருக்கு, அட்மினிஸ்ட்ரேட்டரா தொறந்து டூல்ஸ்ல ஓப்பன் டிஸ்க் குடுத்து, ஃபிசிக்கல் டிஸ்க்னு இருக்கற பட்டியல்ல செலக்ட் பண்ணுங்க, ரீட் ஒன்லி டிக் இருக்கட்டும். டிஸ்க்குல இருக்கறது ஒளிவு மறைவில்லாம அப்படியே தெரியும். அழிக்காத டிஸ்க்ல எழுத்தும் நம்பரும் கலந்து கெடக்கும், நடு நடுவுல யாரோட பேராவது ஈமெயிலாவது கண்ல படும். அழிச்ச டிஸ்க்ல ஸ்கிரீன் முழுக்க 00 00 00 00, ஸ்க்ரோல் பண்ணாலும் அதேதான். ஆரம்பத்துல மட்டும் பார்க்காதீங்க, நடுவுல பத்து பதினஞ்சு எடத்துக்கு தாவிப் பாருங்க, கடைசிக்கும் போங்க. அப்புறம் ஃபோட்டோரெக்க திரும்ப ஓட்டினேன், கிடைச்ச ஃபைல் 0ன்னு வந்துச்சு. எஸ்எஸ்டிக்கும் இத பண்ணுங்க. மேல சொன்ன 2011 ஆராய்ச்சில ஒரு எஸ்எஸ்டி வெற்றிகரமா அழிச்சிட்டேன்னு பதில் சொல்லிட்டு டேட்டா மொத்தத்தையும் அப்படியே வச்சிருந்துச்சு. எஸ்எஸ்டில 00க்கு பதிலா எஃப்எஃப்னோ அர்த்தமில்லாத எழுத்தாவோ வரலாம், தப்பில்ல, படிக்கற மாதிரி வார்த்தை எங்கயும் இருக்கக்கூடாது அவ்வளவுதான்.

ஆபீஸ் வச்சிருக்கறவங்களுக்கு, முக்கியமா ஆடிட்டர் ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஸ்கூல், உங்ககிட்ட இருக்கறது உங்க டேட்டா இல்ல, நம்பிக் குடுத்தவங்களோடது. 2022 செப்டம்பர்ல அமெரிக்க பங்குச் சந்தை ஆணையம் மார்கன் ஸ்டான்லின்ற பெரிய நிதி நிறுவனத்தோட விஷயத்துல 3.5 கோடி டாலர் அபராதம் போட்டுச்சு, பழைய டிஸ்க்க அழிக்கற வேலைய அதப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒரு சாமான் ஏத்தி இறக்கற கம்பெனிகிட்ட குடுத்திருந்தாங்க, அதுல பல டிஸ்க் கடைசில ஆன்லைன் ஏலத்துக்கு வந்துடுச்சு. நம்ம நாட்டுல 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டத்துலயும் டேட்டாவ ஒழுங்கா பாதுகாக்கலன்னா 250 கோடி ரூபா வரைக்கும் அபராதம்னு எழுதியிருக்கு. காயலான் கடைக்கு எடைக்குப் போடறப்ப சிபியூவோட டிஸ்க்கும் சேர்ந்து போகுதான்னு பாருங்க, டிஸ்க்க கழட்டி எடுத்துக்கோங்க, எடைல கொஞ்சம் கொறைஞ்சா கொறையட்டும்.

ஒரு நோட்டு போடுங்க. தேதி, டிஸ்க்கோட சீரியல் நம்பர், எந்த முறைல அழிச்சது, யார் அழிச்சது, யார் செக் பண்ணது, கையெழுத்து. அழிச்சவரும் செக் பண்றவரும் வேற வேற ஆளா இருந்தா நல்லது. வீட்ல நான் பண்றது இன்னும் எளிசு, செக் பண்ணி முடிச்ச டிஸ்க் மேல வெள்ளை டேப் ஒட்டி பேனால "அழிச்சது"ன்னு தேதியோட எழுதிடுவேன், டேப் இல்லாத டிஸ்க் வாசப்படி தாண்டாது. அந்த 500 ஜிபி டிஸ்க்லயும் டேப் ஒட்டியிருக்கு, இப்ப எங்க வீட்டு போட்டோ அதுலதான் இருக்கு, பூட்டு போட்டு.